லாக்ஸ்டன்: வேலி அடைக்கப்படாத வயல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பிபரியின் கல் வீடுகளையும் லேக்காக்கின் தெருக்களையும் கட்டுரையாளர் நேர்த்தியாக வருணித்திருக்கிறார். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால், இங்கிலாந்தில் கிராமம் என்பது இன்று நகரத்தார் வார இறுதியில் வந்து பார்த்துப் போகும் காட்சிப்பொருளாக மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று அவர் கட்டுரையை முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரில் நெடுங்காலமாக வசித்துவருபவன் என்ற முறையில், அந்த முடிவுக்குள் அடங்காத ஒரு சிற்றூரைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும். பொருளின் தன்மை அப்படி என்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அவ்வூரின் பெயர் லாக்ஸ்டன். நியூவார்க் நகருக்கு வடமேற்கே, ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே, மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும் கனத்த களிமண் நிலத்தில் அமைந்திருக்கிறது. மக்கள்தொகை சுமார் 250. ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, செங்கல்லால் கட்டிய பண்ணை வீடுகள், திரியும் கால்நடைகளைப் பிடித்து அடைப்பதற்கென்று முற்காலத்தில் எழுப்பிய சிறு பட்டி ஆகியவற்றைத் தவிர, ஊர்த்தெருவில் பயணியின் கண்ணை இழுப்பது அதிகமில்லை. ஆயினும் அத்தெருவில் நடப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். இங்கிலாந்தின் பிற பகுதிகளில் பண்ணை வீடுகள் பெரும்பாலும் தத்தம் நிலத்தின் நடுவே தனித்தனியாக நிற்கும். லாக்ஸ்டனிலோ அவை தெருவோரத்தில் நெருங்கி வரிசையாக நிற்கின்றன. உழவர்கள் ஊருக்குள் குடியிருந்து, ஊரைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் தங்கள் நிலத்துக்குப் போய் வருகிறார்கள். இதற்குக் காரணம் அவ்வூரின் வயல்களில் இருக்கிறது.

இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பெரும்பாலான ஊர்களுக்கு இரண்டோ மூன்றோ பெருவயல்கள் இருந்தன. ஒவ்வொரு பெருவயலும் நூற்றுக்கணக்கான நீண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; துண்டுகளுக்கு இடையே வேலி கிடையாது. ஓர் உழவருக்கு உரிய துண்டுகள் ஒரே இடத்தில் இராமல், மேட்டிலும் பள்ளத்திலும், நல்ல மண்ணிலும் மோசமான மண்ணிலும் சிதறிக் கிடக்கும். ஓராண்டில் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது வயல் தரிசு என்று சுழற்சி நடக்கும். அறுவடை முடிந்ததும் வயல் முழுவதும் ஊர்க் கால்நடைகளின் மேய்ச்சலுக்குத் திறந்துவிடப்படும். இந்த ஏற்பாட்டில் யாரும் தன் விருப்பப்படி பயிரிட முடியாது. எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது, எந்த வழியாக ஏரை ஓட்டிச் செல்வது என்பவையெல்லாம் ஊர் கூடி எடுக்கும் முடிவுகள்.

அந்த உலகம் எப்படி மறைந்தது என்பதும் பலருக்குத் தெரிந்ததே. 1604 முதல் 1914 வரை இங்கிலாந்து நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவற்றின் வழியாக ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர் நிலம் தனித்தனிப் பண்ணைகளாக மாற்றப்பட்டது. பெரிய நிலவுடைமையாளர்களுக்கு அது ஆதாயம். மேய்ச்சல் உரிமையை நம்பி ஒரு பசுவையோ சில வாத்துகளையோ வளர்த்துவந்த ஏழைக் குடும்பங்களோ அந்த உரிமையை இழந்து கூலிகளாயின. பலர் ஆலை நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று பயணிகள் ரயில் சன்னல் வழியே பார்த்து வியக்கும் புதர்வேலிகளும் சதுரம் சதுரமான பச்சை வயல்களும் பெருமளவில் அந்தச் சட்டங்கள் வரைந்த கோடுகள்தாம். கட்டுரையாளர் 'என்றும் மாறாத இயற்கை எழில்' என்று குறிப்பிட்ட நிலக்காட்சிக்கு இப்படியொரு வரலாறு உண்டு என்பதை அவரும் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

லாக்ஸ்டனில் மட்டும் அந்த மாற்றம் முழுமை பெறவில்லை. இது முன்னோர் மரபைப் போற்றியதன் விளைவு என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மை அத்தனை உயர்வானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் நிலத்தின் பெரும்பகுதி மான்வர்ஸ் பிரபுவுக்கும் மற்றொரு பகுதி ஸ்கார்பரோ பிரபுவுக்கும் சொந்தமாக இருந்தது. வேலியடைப்புக்கு வேண்டிய உடன்பாடு அவ்விருவர் குடும்பங்களுக்கும் இடையே ஏற்படவில்லை. காலம் கடந்தது, பின்னர் வேளாண்மையில் விலை வீழ்ச்சி வந்தபோது, செலவு செய்து வேலியடைப்பதில் நிலவுடைமையாளர்களுக்கு ஆர்வமும் குறைந்தது. இவ்வாறு இரு பிரபுக்களின் பிணக்கினால் தப்பிய வயல்கள், இருபதாம் நூற்றாண்டில் வேண்டுமென்றே காக்கப்பட்டன. வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு என்ற மூன்று பெருவயல்கள் இன்றும் அதே பெயர்களுடன், சுமார் 480 ஏக்கர் பரப்பில், பொதுச் சுழற்சி முறையில் பயிரிடப்படுகின்றன. டெவன் மாவட்டத்தின் பிரான்டனிலும் லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் திறந்த வயல்களின் எச்சங்கள் உள்ளன. ஆனால் அவ்வயல்களை ஆளும் ஊர் நீதிமன்றத்தோடு அம்முறை முழுவதுமாக இயங்கிவருவது லாக்ஸ்டனில் மட்டுமே.

அந்த நீதிமன்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் ஊரின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதன் பெயர் கோர்ட் லீட். நிலப்பிரபுவின் சார்பில் நியமிக்கப்படும் ஸ்டீவர்ட் என்னும் நிர்வாகி அதற்குத் தலைமை வகிப்பார். ஆனால் நிலத்தைப் பார்த்துக் குற்றம் சொல்லும் பொறுப்பு உழவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் ஜூரிகளுடையது. நவம்பர் மாத இறுதியில், குளிர்காலக் கோதுமை விதைத்து முடிந்த பின், ஜூரிகள் ஒன்றுகூடி அவ்வாண்டுக் கோதுமை வயல் முழுவதையும் சுற்றி வருவார்கள். துண்டுகளின் எல்லைகளைச் சரிபார்த்து, வேண்டிய இடங்களில் புதிய மர முளைகளை அடிப்பார்கள். பொதுப் பாதைக்குள்ளோ புல்வெளிக்குள்ளோ யாரேனும் ஓரிரு அடி உழுது சேர்த்துக்கொண்டிருக்கிறாரா, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஊரின் மதுவிடுதியான டவ்கோட் இன்னில் உணவருந்தியபடியே தாங்கள் கண்ட குறைகளைப் பட்டியலிடுவார்கள். அடுத்த வாரம் அதே விடுதியில் நீதிமன்றம் கூடும், குறைகள் வாசிக்கப்படும், அபராதம் விதிக்கப்படும், அடுத்த ஆண்டு கோதுமைக்கு வரவிருக்கும் வயலைப் பார்வையிட வேண்டிய ஜூரிகளுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கப்படும். மூன்று வயல்களும் சுழற்சியில் வருவதால், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வயலும் இந்தப் பார்வைக்கு உட்படுகிறது.

அபராதத் தொகை பெரிதன்று. ஆனால் அண்டை வீட்டு உழவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறையில், 'இன்னார் பொதுப்பாதையில் இத்தனை தூரம் உழுதிருக்கிறார்' என்று வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எளிதான காரியமன்று. அடுத்த ஆண்டில் அவரே ஜூரியாக வந்து இன்னொருவரின் எல்லையைப் பார்க்கக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். காவலர், வழக்கறிஞர், நில அளவைத் துறை ஆகியோர் இல்லாமலே இவ்வளவு காலம் எல்லைத் தகராறுகள் தீர்க்கப்பட்டு வந்திருப்பது இந்த முறையால்தான் என்று கருதுகிறேன்.

இது வெறும் சடங்கு, பழம்பெருமைக்காக நடத்தப்படும் நாடகம் என்று நினைப்பவர்கள் 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெயரளவில் எஞ்சியிருந்த பழைய நீதிமன்றங்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் ஒரே வீச்சில் நீக்கியது. அப்போது லாக்ஸ்டனின் கோர்ட் லீட்டைப் பெயர் குறிப்பிட்டு அந்நீக்கத்திலிருந்து நாடாளுமன்றம் விலக்கி வைத்தது. பிற ஊர்களில் சில கோர்ட் லீட்டுகள் இன்றும் கூடுகின்றன. அங்கெல்லாம் அங்கியணிந்த ஊர்வலமும் விருந்தும் உண்டு. உழவு நிலத்தின் மீது அதிகாரம் உள்ள கோர்ட் லீட் லாக்ஸ்டனுடையதுதான்.

வயல்களுக்கு நடுவே, சரிவான இடங்களிலும் நீர் தேங்கும் தாழ்வுகளிலும், ஏர் படாத புல்நிலங்கள் கிடக்கின்றன. அவற்றை ஊரார் சைக் என்பார்கள். நூற்றாண்டுகளாக உழப்படாததாலும், உரங்களின் தாக்கம் குறைவாக இருப்பதாலும், நாட்டின் பிற பகுதிகளில் அருகிவிட்ட புல்வெளிப் பூக்கள் அங்கே கோடையில் மலர்கின்றன; சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உடைய இடம் என்ற சட்டப் பாதுகாப்பும் அவற்றுக்கு உண்டு. ஆண்டுதோறும் அந்தப் புல் ஏலம் விடப்பட்டு, கிடைக்கும் பணம் ஊரில் உரிமையுள்ளவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. இயற்கைப் பாதுகாப்பு என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தப் புல்லைக் காத்து வந்தவர்கள் ஜூரிகள். தன் துண்டை ஓரடி அகலமாக்கிக்கொள்ள விரும்பும் உழவரின் ஆசைக்கும் அந்தப் பூக்களுக்கும் இடையே நின்றது அவர்கள் அடித்த மர முளைதான்.

இவ்வூரின் பழைய நிலையை நாம் இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பதற்கு ஒரு வரைபடம் உதவுகிறது. 1635-ஆம் ஆண்டில் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த அந்தப் படம் இப்போது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் அதில் காட்டப்பட்டிருக்கிறது. உழுபவர்களும் அறுப்பவர்களும் வேட்டையாடுபவர்களும் சிறு சிறு உருவங்களாக வரையப்பட்டிருக்கிறார்கள். படத்தை வரையச் சொன்னவர் அப்போதைய நிலவுடைமையாளரான லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன். அவரைப் பற்றித் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 1627-இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் முதலில் குடியேறியபோது அதற்குப் பணம் போட்டவர் அவர். 1635 டிசம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கீழ்த்திசை நாடுகளில் வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் உரிமம் பெற்றவரும் அவரே. மறு ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டாலும், அவர் பெயரால் நடந்த கூட்டு வணிக அமைப்பு கொங்கண, கர்நாடகக் கரைகள் வரை கப்பல்களை அனுப்பியது. களிமண் வயல்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த சிற்றூர் என்று நாம் எண்ணும் இடத்தின் குத்தகைப் பணம், அக்காலத்திலேயே கடல்கடந்த வணிகத்தோடும் குடியேற்றத்தோடும் பின்னிக் கிடந்தது.

எனவே லாக்ஸ்டனை வெளியுலகம் தீண்டாத பொற்கால ஊராகக் காட்டுவதும் தவறாகும். நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டில் இவ்வூர் இடம்பெற்றிருக்கிறது. அந்தக் கணக்கில் குடியானவர்களோடு அடிமைகளும் வருகிறார்கள். ஊரின் வடக்கே நிற்கும் மண்மேடு, நார்மானியர் எழுப்பிய கோட்டையின் எச்சம். அங்கிருந்துதான் ஷெர்வுட் அரச காட்டின் காவல் பொறுப்பை வகித்த குடும்பங்கள் ஆட்சி செய்தன. மன்னருக்குரிய மானைக் கொன்றால் குடியானவர்க்குத் தண்டனை கிடைத்த காலம் அது. புனித மைக்கேல் தேவாலயத்தில், அக்குடும்பங்களில் ஒன்றான எவரிங்ஹாம் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் இடைக்கால உருவம் மரத்தில் செதுக்கப்பட்டு இன்றும் கிடக்கிறது. அவர்களுக்காக அந்த வயல்களை உழுதவர்களுக்கு அப்படியோர் உருவமில்லை. திறந்த வயல் முறை ஊர்க் கட்டுப்பாட்டை வளர்த்தது உண்மை. அது சமத்துவத்தை வளர்த்தது என்று சொல்லிவிட முடியாது. துண்டுகளின் எண்ணிக்கையில் உழவருக்கு உழவர் பெரும் வேறுபாடு இருந்தது, நிலத்தின் உடைமையோ எப்போதும் வேறொருவர் கையில் இருந்தது.

உடைமை பற்றிய இந்தக் கேள்வி இன்றைக்கும் தொடர்கிறது. மான்வர்ஸ் பிரபு 1952-இல் லாக்ஸ்டன் நிலத்தை அரசின் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். திறந்த வயல்கள் அழியாமல் இருக்க வேண்டும் என்பதே அந்தக் கைமாற்றத்தின் நோக்கம். 1981-இல் அமைச்சகத்திடமிருந்து அது கிரவுன் எஸ்டேட் என்னும் அரச நில நிறுவனத்துக்குச் சென்றது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அந்நிறுவனமும் விற்க முன்வந்தபோது, வாங்குபவர் யாராக இருப்பார், வயல்களின் கதி என்னவாகும் என்ற கவலை ஊரில் மட்டுமல்லாமல் வரலாற்றாசிரியர்களிடையேயும் எழுந்தது. 2020-இல், மான்வர்ஸ் பிரபுக்களின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே நிலத்தை மீண்டும் வாங்கியது. நிலம் அக்கறையுள்ளவர்களின் கைக்கு வந்திருப்பது எனக்கு ஆறுதல்தான். ஆனால் நாட்டின் மிக அரிய வேளாண் மரபு ஒன்று, ஒவ்வொரு முறையும் உடைமையாளரின் நல்லெண்ணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருப்பது சரியான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. 1952-இல் அரசு அதனை வாங்கியபோது பொதுப் பொறுப்பு என்று ஒன்று ஏற்கப்பட்டது. அந்தப் பொறுப்பு நில விற்பனையோடு முடிந்துவிடக் கூடாது.

அதைவிட நெருக்கமான கவலை உழவர்களைப் பற்றியது. சுவரையும் கூரையையும் பழுதுபார்த்து ஒரு பழைய வீட்டைக் காக்கலாம். திறந்த வயல்களை அப்படிக் காக்க முடியாது. ஆண்டுதோறும் யாரோ ஒருவர் உழுது விதைத்தால்தான் அவை இருக்கும். லாக்ஸ்டனில் உழவர்கள் குத்தகைதாரர்கள். பெருவயல்களில் உள்ள துண்டுகளோடு வேலியடைத்த வயல்களையும் சேர்த்துப் பயிரிட்டுத்தான் பிழைக்கிறார்கள். துண்டு துண்டாகச் சிதறிய நிலத்தில் வேலை செய்வதற்கு நேரமும் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின், பரப்பளவை வைத்து வழங்கப்பட்டுவந்த வேளாண் மானியத்தை இங்கிலாந்து 2021 முதல் படிப்படியாகக் குறைத்து வருகிறது. இயற்கையைப் பேணும் பணிகளுக்கு இனிப் பணம் தரப்படும் என்கிறார்கள். பூக்கள் நிறைந்த சைக் நிலங்களைக் காத்துவரும் ஊருக்கு அது நன்மையாகவும் முடியலாம். ஆனால், அடுத்த தலைமுறையில் சிறு குத்தகைப் பண்ணையை ஏற்று நடத்த எத்தனை பேர் முன்வருவார்கள் என்பது நாடு முழுவதும் கேட்கப்படும் கேள்வி. இங்கே ஜூரிகளாக அமர்வதற்கே அவர்கள் வேண்டும்.

இம்முறை எக்காலத்திலும் மாறாமல் இருந்ததால் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நான்காவதாக ஈஸ்ட் ஃபீல்டு என்றொரு வயலும் இருந்தது, அது வேலியடைக்கப்பட்டுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு துண்டுகள் பல ஒன்றிணைக்கப்பட்டு அகலமாக்கப்பட்டன. அதனால்தான் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் இன்று அங்கே ஓட முடிகிறது. தரிசாக விடப்பட்ட மூன்றாவது வயலில் இப்போது தீவனப் பயிரோ புல்லோ வளர்க்கிறார்கள். பழைமையைக் குலைத்துவிட்டார்கள் என்று இதை விமர்சிப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை உழுபவர்களே பேசி முடிவு செய்யும் வழக்கம்தான் அங்கே தொடர்ந்து வந்திருக்கிறது.

லாக்ஸ்டனில் இன்னோர் இடத்தையும் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. ஊரின் எல்லையில், 1995-இல் ஒரு குடும்பத்தினரின் முயற்சியால், ஐரோப்பிய யூதப் படுகொலையை நினைவுகூரும் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய ஹோலோகாஸ்ட் மையம் மற்றும் அருங்காட்சியகம் என்று அறியப்படுகிறது. அதன் ரோஜாத் தோட்டத்தில் கொல்லப்பட்டவர்களின் நினைவாகச் செடிகள் நடப்பட்டிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் பேருந்துகளில் வந்து, கொடுமையிலிருந்து தப்பியவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டுச் செல்கிறார்கள். பெருநகரில் அமைய வேண்டிய நிறுவனம் இந்தச் சிற்றூரில் இருப்பது பலருக்கு வியப்பளிக்கும். சுமார் 250 பேர் வாழும் ஊர் ஒன்று திறந்த வயல்களையும் இந்த நினைவு மையத்தையும் தாங்கி நிற்பதை நேரில் பார்த்தவர் எவரும், இங்கிலாந்துக் கிராமம் உறங்கிப்போன ஒன்று என்று எழுதமாட்டார்.

பயணக் கட்டுரைகளைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்பதே என் விருப்பம். அவற்றில், ஓர் ஊரின் நிலம் யாருடையது, அதில் உழைப்பவர் யார், ஊரின் பொதுக் காரியங்களை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிபரியைப் பற்றி எழுதும்போதும் இக்கேள்விகளைக் கேட்கலாம். கல் வீடுகளின் புகைப்படங்களுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதி இருந்தாலே விடை எழுதப் போதும்.

இக்கடிதத்தைப் படித்து லாக்ஸ்டனுக்குச் செல்ல விரும்புவோருக்காக ஓரிரு விவரங்கள். ரயில் நிலையம் ஊரில் இல்லை. நியூவார்க் அல்லது ரெட்ஃபோர்டு வரை ரயிலில் சென்று அங்கிருந்து சாலை வழியாக வர வேண்டும். சைக் நிலங்களில் பூக்களைக் காண ஜூன் மாதம் ஏற்றது. புல் வெட்டப்பட்ட பின் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். வயல்களுக்கு நடுவே பொது நடைபாதைகள் உள்ளன. அவற்றை விட்டு விலகிப் பயிருக்குள் இறங்கிப் படம் எடுக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை. நவம்பர் இறுதியில் ஜூரிகள் வயலைச் சுற்றி வரும் நாளில் அங்கிருக்க நேர்ந்தால், அது அவர்களுடைய வேலைநாள் என்பதை மனத்தில் கொண்டு சற்று விலகி நின்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாட்டிங்ஹாம்ஷயர், இங்கிலாந்து